காட்டப்படாதவை: திரைப்படத்தின் எச்சமும் சுவைஞர் கடமையும்

திரைப்படம் கட்புலக் கலை. கண்ணுக்குக் காட்டுவதே அதன் தொழில். ஆயினும், அது காட்டுவதைக் காட்டிலும் காட்டாது விடுவதே மிகுதி என்பதைச் சற்றே சிந்திப்பார் எவரும் உணர்வர். காமிராவின் சட்டத்துக்குள் அடங்குவது உலகின் ஒரு சிறு துண்டு. சட்டத்துக்கு வெளியே நிற்பதோ எஞ்சிய உலகம் முழுவதும். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே நாள்களும் ஆண்டுகளும் ஓசையின்றிக் கழிகின்றன. அவ்விடைவெளிகளை நாம் நம்மை அறியாமலேயே இட்டு நிரப்பிக்கொள்கிறோம். அவ்வாறு நிரப்பும் ஆற்றல் பார்ப்பவரிடம் இல்லையேல் திரைப்படம் என்னும் கலையே இல்லை.

இவ்வியல்பான இடைவெளிகள் யாரையும் துன்புறுத்துவதில்லை. இயக்குநர் ஒருவர் நாம் அறிய விரும்பும் ஒன்றை, அறிய விரும்புகிறோம் எனத் தெரிந்தே மறைக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. கொன்றவன் யார்? காணாமற்போனவள் இறந்தாளா, எங்கேனும் சென்று வாழ்கிறாளா? அந்தச் சிறுமி உண்மையில் திருடினாளா? மதிலுக்கு அப்பால் பேசியவள் முகம் எத்தகையது? இத்தகைய வினாக்களோடு அரங்கைவிட்டு வெளியே வருபவர் இரு வகையினர். ஒரு சாரார் ஏமாற்றப்பட்டதாகச் சினங்கொள்வர். மற்றொரு சாரார் தாமே ஒரு விடையைக் கண்டுபிடித்து, அதுவே இயக்குநர் உள்ளத்தில் இருந்ததென்று நிறுவ முற்படுவர். படம் முடிந்த கையோடு அதன் முடிவுக்குப் பொருள் சொல்லித் தருவோர் இன்று எங்கும் உளர். விடை கூறுவதே திறனாய்வு என்னும் எண்ணமும் நாளுக்கு நாள் வலுத்து வருகிறது.

இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து. மறைபொருளைப் புதிராகக் கருதுவதே அப்பிழை. புதிருக்கு விடை உண்டு. விடை கிடைத்ததும் புதிர் இறந்துவிடும். மறைபொருளோ விடையை வேண்டி நிற்பதில்லை. அது நம்மை வேண்டி நிற்கிறது. இவ்வேறுபாட்டை நன்கறிந்த சில படங்களின் துணைகொண்டு காண்போம்.

இலக்கணம் வகுத்த இடம்

சொல்லாது விடுவதைக் கலையின் உறுப்பாகக் கொள்வது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புகளை எண்ணிச் செல்கிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என ஓசை சார்ந்தவற்றோடு அது நின்றுவிடவில்லை. எச்சம் என்பதையும் முன்னம் என்பதையும் உறுப்புகளாகவே வைக்கிறது. கூறியவற்றோடு கூறாதது ஒன்று சொல்லாலோ குறிப்பாலோ வந்து சேர்ந்து பொருளை முடித்துவைப்பது எச்சம். இவ்விடத்தில் இம்மொழி இன்னார் இன்னார்க்கு உரியது எனக் கேட்பவர் உய்த்துணருமாறு அமைவது முன்னம். இவை இரண்டினும் வியப்புக்குரியது யாதெனின், கேட்போர் என்பதும் அப்பட்டியலில் ஓர் உறுப்பாக இடம்பெற்றிருப்பதே. கேட்பவர் செய்யுளுக்கு வெளியே கைகட்டி நிற்பவர் அல்லர். செய்யுளின் உடம்பில் ஓர் உறுப்பு.

அகத்திணை மரபு இக்கொள்கையின் செயல் வடிவம். தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் இல்லை. பாட்டின் முன்னும் பின்னும் நிகழ்ந்தவை பாட்டில் இல்லை. கருப்பொருளின் வழியே உள்ளுறையும் இறைச்சியும் பிறக்கின்றன. அப்பாட்டைப் படித்துவிட்டுத் தலைவன் எந்த ஊரினன் என்று ஆராய்பவரை நாம் நல்ல சுவைஞர் என்று கொள்வதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் காசுமீரத்து ஆனந்தவர்த்தனர் தொனியே காவியத்தின் உயிர் என நிறுவியதும் இந்நெறிக்கு அயலன்று. இவ்வளவு பழகிய மனத்தோடு திரையரங்குக்குள் நுழையும் நாம், அங்கே மட்டும் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டுமென்று அடம்பிடிப்பது ஏன்? கண்ணால் கண்டதே மெய் என்னும் நம்பிக்கையை இக்கலை நம்முள் ஆழ ஊன்றிவிட்டதே காரணம் எனலாம்.

புதிர் என்பது வேறு

புதிரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. நல்ல புதிர் நல்ல கலையே. எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ பாடலும் ஆடலும் இன்றித் துணிந்து எடுக்கப்பட்ட தமிழ்ப்படம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னையில் வானொலிப் பொறியாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஐயத்துக்கு உரியவர் பலர். ஒவ்வொருவர் பார்வையிலும் நிகழ்ச்சி வேறு உருக்கொள்கிறது. இறுதியில் கொன்றவர் யார் என்பது ஐயம் திரிபற விளங்கிவிடுகிறது. படம் நமக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றியதாக நிறைவு கொள்கிறோம். மறைத்தல் இங்கே ஒரு கடன். முடிவில் அது வட்டியோடு திருப்பித் தரப்படுகிறது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘ரெபேக்கா’ (1940) இவ்வெல்லையில் நின்று அப்பாலும் எட்டிப் பார்க்கும் படம். டாஃப்னி டு மாரியே எழுதிய புதினத்தைத் தழுவியது. படத்தின் பெயரைத் தாங்கிய ரெபேக்கா படத்தில் ஒருமுறையேனும் தோன்றுவதில்லை. கடந்தகாலக் காட்சியிலும் இல்லை. அவளுக்குப் பின் அம்மாளிகைக்கு மனைவியாக வந்தவள் எப்போதும் நம் கண்முன் நிற்கிறாள். ஆனால் அவளுக்குப் பெயரே இல்லை. பெயர் இருப்பவளுக்கு உருவமில்லை. உருவம் இருப்பவளுக்குப் பெயரில்லை.

படகுக் கொட்டகைக் காட்சியை இங்கே குறிப்பிட வேண்டும். கணவன் மேக்சிம், ரெபேக்கா இறந்த இரவைப் பற்றிச் சொல்கிறான். வேறு இயக்குநராயின் அந்த இரவை நடித்துக் காட்டியிருப்பார். ஹிட்ச்காக்கோ வெறும் அறையைக் காட்டுகிறார். அவள் அமர்ந்திருந்த இருக்கையிலிருந்து காமிரா எழுகிறது; அவள் நடந்த வழியே நகர்கிறது; அவள் நின்ற இடத்தில் நிற்கிறது. ஆளில்லாத வெளியில் ஓர் ஆள் நடப்பதை நாம் பார்க்கிறோம். அவள் இறந்த காரணம் பின்னர் ஒரு மருத்துவரின் சொல்லால் விளங்கிவிடுகிறது, புதிர் அவிழ்கிறது. ஆயினும் ரெபேக்கா யார் என்பது விளங்கவில்லை. பணிமகள் டான்வர்சுக்கு அவள் தெய்வம், கணவனுக்குப் பேய், ஊராருக்கு நிகரற்ற அழகி. எல்லாரும் அவளைப் பற்றிப் பேசுகின்றனர். அவள் பேச ஒரு கணமும் வாய்க்கவில்லை. புதிர் அவிழ்ந்த பின்னும் எஞ்சி நிற்கும் இதுவே எச்சம்.

நடுவர் இருக்கையில் நாம்

அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) இத்தகைய ஆய்வுகளில் தவறாது எடுத்தாளப்படும் படம். அகுதாகவாவின் இரு சிறுகதைகளை இணைத்து அமைந்தது. 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. காட்டில் ஒரு சாமுராய் இறந்து கிடக்கிறான். கொள்ளையன், சாமுராயின் மனைவி, ஆவியாக வந்து பேசும் சாமுராய், விறகுவெட்டி என நால்வர் நால்வகையாகச் சொல்கின்றனர். ‘உண்மை பலவகைப்படும்’ என்பதே இப்படத்தின் செய்தி என்று பலரும் கூறிவிட்டு நகர்ந்துவிடுவர். அது படத்தின் மேற்பரப்பை மட்டும் தொட்ட கூற்று.

கூர்ந்து நோக்கின் வேறொன்று புலப்படும். குற்றம் சாட்டப்பட்டோர் ‘நான் கொல்லவில்லை’ என்று பொய் கூறுவதே உலக இயல்பு. இங்கோ கொள்ளையன் தானே கொன்றதாகச் சொல்கிறான். மனைவி தன் கையிலிருந்த குறுவாளே கணவன் உயிரைக் குடித்ததெனப் பொருள்படப் பேசுகிறாள். இறந்தவன் தானே தன்னை மாய்த்துக்கொண்டதாகக் கூறுகிறான். மூவரும் பழியை விலக்கவில்லை; தம்மேல் ஏற்றிக்கொள்கின்றனர். வீரனாக, மானமுள்ளவளாக, மானத்துக்கு உயிர் விட்டவனாகத் தம்மைத் தாமே வரைந்துகொள்ளும் ஆசைக்கு முன் தண்டனையும் பொருட்டன்று. ஆகவே, ‘கொன்றவர் யார்’ என்னும் வினாவை எழுப்பிக்கொண்டே, ‘மனிதன் தன்னைப்பற்றித் தானே உண்மை பேச வல்லனா’ என்னும் பெருவினாவுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது படம்.

இப்படத்தில் காட்டப்படாத ஒருவர் உண்டு. அவரைப் பலர் கவனிப்பதில்லை. அவர் நடுவர். சாட்சிகள் வெண்மணல் முற்றத்தில் அமர்ந்து காமிராவை நோக்கிப் பேசுகின்றனர். நடுவரின் முகம் தெரிவதில்லை; குரலும் கேட்பதில்லை. அவர் கேட்டதாகக் கொள்ள வேண்டிய வினாக்களைச் சாட்சிகளே திரும்பச் சொல்லி விடையிறுக்கின்றனர். நடுவர் இருக்க வேண்டிய இடத்தில் நாம் அமர்த்தப்பட்டுள்ளோம். தொல்காப்பியர் கேட்போரைச் செய்யுள் உறுப்பாக்கினார். குரோசாவா பார்ப்போரைப் படத்தின் பாத்திரமாக்கினார்.

தீர்ப்புக் கூறும் இருக்கையில் நம்மை அமர்த்திவிட்டுத் தீர்ப்புக்கு வேண்டிய உறுதியை மட்டும் அவர் தரவில்லை. படத்தின் இறுதியில் பாழடைந்த வாயிலில் ஒரு கைக்குழந்தை அழுகிறது. குறுவாளைத் திருடியவன் என நாம் ஐயுறும் விறகுவெட்டி அக்குழந்தையை எடுத்துச் செல்கிறான். துறவி முதலில் தயங்கிப் பின் அவனை நம்புகிறார். முழு உண்மை அறிந்த பின்னரே நம்புவேன் என்று துறவி காத்திருந்தால் குழந்தை என்ன ஆகியிருக்கும்? அறியாமையின் நடுவே நின்றும் மனிதன் செயற்பட வேண்டியிருக்கிறது என்பதைப் படம் இவ்வாறு உணர்த்துகிறது. இதனை விடுத்து, நால்வர் கூற்றில் எது மெய் என்று வழக்காடிக்கொண்டிருப்பது மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கூரையின் ஓட்டைகளை எண்ணுவது போலாகும்.

தேடலில் மறந்துபோன பெண்

இத்தாலிய இயக்குநர் மைக்கலாஞ்சலோ அன்டோனியோனியின் ‘லவ்வென்ச்சுரா’ 1960இல் கான் விழாவில் திரையிடப்பட்டபோது அரங்கில் கேலியும் கூச்சலும் எழுந்தன. மறுநாளே திரைக்கலைஞரும் திறனாய்வாளரும் பலர் கையொப்பமிட்டு அப்படத்துக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டனர். நடுவர் குழுவின் பரிசும் அதற்குக் கிட்டியது. ஒரே படம் ஒரே அரங்கில் இத்தனை சினத்தையும் இத்தனை மதிப்பையும் ஈட்டியதன் காரணம் அதன் கதையிலேயே உள்ளது.

செல்வர் சிலர் படகில் உலாப்போந்து சிசிலிக்கு அருகே ஒரு வெற்றுப்பாறைத் தீவில் இறங்குகின்றனர். அன்னா என்னும் பெண் காதலன் சான்ட்ரோவோடு மனம் வேறுபட்டுப் பேசுகிறாள். சிறிது நேரத்தில் அவளைக் காணவில்லை. தோழி கிளாடியாவும் சான்ட்ரோவும் தேடுகின்றனர். தீவிலும் தேடுகின்றனர், சிசிலியின் ஊர்களிலும் தேடுகின்றனர். தேடுதலின் ஊடே அவர்கள் இருவருமே காதலராகிவிடுகின்றனர். அன்னா கிடைக்கவே இல்லை. அவள் என்ன ஆனாள் என்பதும் இறுதிவரை சொல்லப்படவே இல்லை.

கதையின் முதற் பகுதியில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. மறைபொருளுக்கு உரை காண்போர் அனைவரும் அதனை நினைவில் இருத்த வேண்டும். அன்னாவின் தந்தை தீவுக்கு வருகிறார். அவள் பெட்டியிலிருந்து எடுத்த இரு நூல்களை அவரிடம் தருகின்றனர். ஒன்று விவிலியம், மற்றொன்று ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் புதினம். தந்தை விவிலியத்தைப் பற்றிக்கொள்கிறார். இதைப் படிப்பவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று முடிவு கட்டி ஆறுதல் அடைகிறார். மற்ற நூல் என்ன சொல்கிறது என்று அவர் கேட்பதில்லை. இரண்டு சான்றுகளில் தம் துயரைத் தணிப்பது எதுவோ அதனை மட்டும் அவர் சான்றாக ஏற்கிறார். அவர்மீது நமக்கு இரக்கமே எழுகிறது. ஆயினும், படத்துக்குப் பொருள் சொல்லப் புகும் நம்முள் பலர் செய்வதும் இதுவேயன்றோ! நமக்கு உவப்பான பொருளுக்குத் துணைநிற்கும் காட்சியைப் பற்றிக்கொள்கிறோம். துணைநில்லாததைக் கீழே வைத்துவிடுகிறோம்.

அன்னா எங்கே என்பது இப்படத்தின் உண்மையான மறைபொருள் அன்று. அவளைத் தேடியவர்கள் அவளை எப்போது மறந்தார்கள் என்பதே மறைபொருள். அம்மறதி எந்தக் காட்சியில் நிகழ்ந்தது என்று ஒருவராலும் சுட்டிக்காட்ட முடியாது. இறுதிப் பகுதியில் கிளாடியா, அன்னா இறந்திருப்பாளோ என்று அஞ்சியது போய், உயிரோடு திரும்பி வந்துவிட்டாளோ என்று அஞ்சும் நிலைக்கு வந்துவிடுகிறாள். அதனினும் கொடியது ஒன்று உண்டு. பார்த்துக்கொண்டிருக்கும் நாமும் அதற்குள் அன்னாவை ஏறத்தாழ மறந்துவிட்டிருக்கிறோம். புதிய காதலர்களின் நலனில் நம் மனம் ஈடுபட்டுவிட்டது. கான் அரங்கில் எழுந்த சினத்தில் ஒரு பகுதி, இவ்வாறு தம்மைத் தாமே காண நேர்ந்ததன் விளைவோ என்று எண்ணத் தோன்றுகிறது. அன்னா கடலில் மூழ்கினாள் என்று ஒரு காட்சி காட்டியிருந்தால் நாம் ஒரு துளி கண்ணீர் சிந்திவிட்டுக் கடன் தீர்ந்ததாக எழுந்து போயிருப்போம்.

அன்டோனியோனியின் மற்றொரு படமான ‘ப்ளோ-அப்’ (1966) இப்பொருளையே வேறு வகையால் விளக்குகிறது. இலண்டன் பூங்காவில் எடுத்த ஒளிப்படத்தை ஒருவன் பெரிதாக்குகிறான். புதருக்குள் ஒரு துப்பாக்கி, தரையில் ஓர் உடல் எனத் தோன்றுகிறது. மேலும் பெரிதாக்கினால் வெறும் புள்ளிகளே மிஞ்சுகின்றன. இன்று எந்தப் படத்தையும் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, ஒவ்வொரு சட்டமாக ஆராயும் வசதி நம் கைக்குள் வந்துவிட்டது. அவ்வசதியால் பெறத்தக்கன பல உண்டு. ஆனால், உற்றுப் பார்ப்பதன் அளவு மிகுந்தால் உண்மையின் அளவும் மிகும் என்று நம்புவோர்க்கு அப்புள்ளிகளே விடை.

பாசி மூடிய குளம்

இதுவரை கண்டவற்றுள் பெரும்பாலானவை அயல்நாட்டுப் படைப்புகள். நம் நாட்டிலோ 1955இலேயே சத்யஜித் ராய் இக்கலையின் உச்சியைத் தொட்டுவிட்டார். ‘பாதேர் பாஞ்சாலி’யில் துர்கா என்னும் சிறுமி பக்கத்து வீட்டுப் பெண்ணின் மணிமாலையைத் திருடிவிட்டாள் என்று பழி எழுகிறது. துர்கா மறுக்கிறாள். பெட்டியைச் சோதித்தால் மாலை இல்லை. ஆயினும், பழிச்சொல் தாங்காத தாய் சர்பஜயா மகளை அடித்து வீட்டைவிட்டு வெளியே தள்ளுகிறாள். துர்கா மாலையை எடுத்ததை ராய் நமக்குக் காட்டவில்லை. எடுக்கவில்லை என்பதற்கும் உறுதி தரவில்லை. தாயைப் போலவே நாமும் ஐயத்தில் விடப்படுகிறோம்.

பின்னர் மழையும் காய்ச்சலும் துர்காவைக் கொண்டுபோகின்றன. ஊரைவிட்டுக் காசிக்குப் புறப்படும் வேளையில், உயரத்தில் இருந்த ஒரு சிரட்டையைத் தம்பி அப்பு எடுக்கிறான். அதற்குள் அந்த மாலை. அவன் ஒரு கணம் நிற்கிறான். பிறகு வெளியே ஓடிக் குளத்தில் எறிந்துவிடுகிறான். நீர்மேற் படர்ந்த பாசி விலகி, மெல்ல மெல்ல மீண்டும் கூடி மூடிக்கொள்கிறது.

இங்கே விடை கிடைத்துவிட்டதே, இது புதிர்தானே என்று கேட்கலாம். அன்று என்போம். விடை கிடைத்த கணத்திலேயே அது மீண்டும் மறைக்கப்படுகிறது. இம்முறை மறைப்பவன் இயக்குநன் அல்லன், தம்பி. தாய்க்கும் தெரியாது, தந்தைக்கும் தெரியாது, பழி சுமத்திய அண்டை வீட்டாருக்கும் தெரியாது. அவ்வூரில் அவ்வுண்மையை அறிந்த உயிர் அப்பு ஒருவனே. ஊருக்கு வெளியே அறிந்தவர் நாம். ஒரு சிறுவனோடு சேர்ந்து நாமும் ஒரு மறைவைக் காக்கும் பொறுப்பை ஏற்கிறோம். ‘ஆகவே அவள் திருடிதான்’ என்று தீர்ப்புச் சொல்ல எவர்க்கேனும் நா எழுமோ? விடையை அறிதல் வேறு, அதனைக் கொண்டு செய்வது வேறு என்பதனை இக்குளக்கரைக் காட்சி போல் உணர்த்தியது பிறிதொன்று இல்லை.

இதே படத்தில் காதுக்கு மறைக்கப்பட்ட ஒன்றும் உண்டு. நெடுநாள் கழித்துத் திரும்பும் தந்தை ஹரிஹர், மகள் இறந்ததை அறியாமல் அவளுக்கென வாங்கிய புடவையை எடுத்துக் கொடுக்கிறார். சர்பஜயா அதனைப் பற்றிக்கொண்டு கதறுகிறாள். அவள் வாய் திறப்பதைக் காண்கிறோம்; அவள் குரல் கேட்கவில்லை. அவ்விடத்தில் தார்-ஷெனாய் என்னும் நரம்புக் கருவியின் உச்ச ஓசை எழுகிறது. அழுகுரலைக் கேட்டிருந்தால் அது அவ்வொரு தாயின் அழுகையாக நின்றிருக்கும். கேளாமையால், ஒவ்வொருவரும் தாம் என்றோ கேட்ட ஓர் அழுகையை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறோம்.

மதிலுக்கு அப்பால் ஒரு குரல்

வைக்கம் முகம்மது பஷீரின் குறுநாவலைத் தழுவி அடூர் கோபாலகிருஷ்ணன் இயக்கிய ‘மதிலுகள்’ (1990) காட்டாமையையே கதையாகக் கொண்ட படம். அரசுக்கு எதிராக எழுதிச் சிறைப்பட்ட எழுத்தாளர் பஷீராக மம்மூட்டி நடிக்கிறார். ஆடவர் சிறைக்கும் பெண்டிர் சிறைக்கும் நடுவே உயர்ந்த மதில். அதற்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல் பேசுகிறது, பெயர் நாராயணி. பேச்சு காதலாகிறது. அவள் ரோஜாச் செடி கேட்கிறாள். அவர் மதிலைத் தாண்டிக் கொடுக்கிறார். அவள் வந்திருப்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எறியப்படும் ஓர் உலர்ந்த சுள்ளி. மருத்துவமனையில் சந்திப்பதென நாள் குறிக்கின்றனர். அதற்குள் பஷீருக்கு விடுதலை வந்துவிடுகிறது. பிறர் எல்லாரும் ஏங்கும் விடுதலை அவருக்கு இழப்பாகிவிடுகிறது.

நாராயணியை நாம் ஒருபோதும் பார்ப்பதில்லை. அடூர் நினைத்திருந்தால் காமிராவை ஒரு முழம் உயர்த்தி மதிலுக்கு அப்பால் காட்டியிருக்கலாம். அவ்வொரு முழத்தை அவர் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பஷீருக்கு இல்லாத உரிமை நமக்குக் கிடைத்திருக்கும். அவர் சிறையில் இருக்க, நாம் மட்டும் வெளியே நின்றிருப்போம். மறுத்ததனால் நாமும் அச்சிறைக்குள்ளேயே இருக்கிறோம்.

நாராயணிக்குக் குரல் தந்தவர் 2022இல் மறைந்த கே.பி.ஏ.சி. லலிதா. ‘சுயம்வரம்’ (1972), ‘கொடியேற்றம்’ முதலிய அடூரின் படங்களில் நடித்தவர். மலையாள மக்களுக்கு நன்கு பழகிய குரலினர். குரலைக் கேட்ட மாத்திரத்தில் மலையாளிகளின் மனக்கண்ணில் லலிதாவின் முகம் எழுந்துவிடும். ஆகையால் நாராயணி முகமற்றவளாக இருத்தல் அவர்களுக்கு அரிது. இதனைக் குறையாகச் சொல்வாரும் உண்டு. அக்குரலோடு பழகாத பிற மொழியினர்க்கோ அது உருவற்ற குரலாகவே ஒலிக்கும். தாய்மண்ணுக்கு வெளியே வாழும் தமிழராகிய நமக்கு இது எண்ணிப் பார்க்கத் தக்கது. 1980களில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பிற மாநில மொழிப் படங்களை எழுத்து வரிகளோடு ஒளிபரப்பியபோது, வங்காளமும் மலையாளமும் கன்னடமும் நம் கூடங்களுக்குள் அவ்வாறுதான் வந்தன. பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் பார்த்தோம். அயல்மொழிப் படம் பார்த்தல் என்பதே ஒரு மதிலுக்கு இப்பால் நின்று குரல் கேட்பதன்றி வேறென்ன? ஒரே படம் இரு சுவைஞர்க்கு இரு வேறு எச்சங்களைத் தருகிறது. அவற்றுள் எதுவும் பிழையன்று.

உரை காண்போர்க்கு எல்லை

அவ்வாறாயின், மறைபொருளுக்கு யாரும் எதுவும் பொருள் சொல்லலாமா என்று கேட்பர். ஆகாது. நம் பண்டை உரையாசிரியர்கள் ஒரே நூற்பாவுக்கும் குறளுக்கும் வேறு வேறு உரை கண்டனர். ஆயினும் மூலத்தின் சொல்லை மீறி உரை செய்யத் துணிந்தவரில்லை. திரைப்படத்துக்கும் அவ்வெல்லை உண்டு. காட்டப்பட்டவை அனைத்தோடும் பொருந்துவதே உரை. ஒன்றைப் பற்றி ஒன்றை விடுவது அன்னாவின் தந்தை கண்ட ஆறுதலே.

காட்டாமை எல்லாம் உயர்வென்று கொள்ளுதலும் தகாது. சொல்வதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் இருளைப் பூசிவிட்டு ஆழம் என்று பெயரிடும் படங்களும் உள. இவற்றைப் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. காணாத பொருள், கண்டுகொண்டிருக்கும் மாந்தரை மாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அன்னா இல்லாமை கிளாடியாவை மாற்றுகிறது. துர்காவின் மாலை அப்புவை ஒரே கணத்தில் சிறுவன் நிலையிலிருந்து உயர்த்திவிடுகிறது. நாராயணியின் குரல் சிறையையே வேறிடமாக்குகிறது. அவ்வாறு யாரையும் மாற்றாத மறைப்பு வெறும் பூட்டிய பெட்டி. திறந்தாலும் ஒன்றுதான், திறவாவிட்டாலும் ஒன்றுதான்.

இறுதியாக, நாம் எடுத்துக்கொண்ட படங்களை ஒருசேர வைத்து நோக்கின் ஓர் உண்மை நெஞ்சை உறுத்துகிறது. ரெபேக்கா, அன்னா, நாராயணி என மறைக்கப்பட்டோர் பெரும்பாலும் பெண்டிர். ‘ராஷோமோன்’ படத்தில் பெண் தோன்றிப் பேசுகிறாள்; ஆனால் ஆடவர் மூவர் அவளைப் பற்றிச் சொன்னவற்றுள் அவள் சொல் அமிழ்ந்துபோகிறது. துர்கா எதனை எண்ணி அம்மாலையை எடுத்தாள் என்பதும் அவளோடு போயிற்று. பஷீர் படைத்துக்கொண்ட நாராயணி அவர் ஏக்கத்தின் நாராயணி. மதிலுக்கு அப்பால் இருந்தவள் அதே பெண்தானா என்பதை நாம் அறியோம். காட்டாமை சில வேளைகளில் மதிப்பாகிறது. சில வேளைகளில் வாயடைத்தலாகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. அக்கோட்டைக் கண்டு சொல்லுதலே திறனாய்வாளர்க்குத் தலையாய பணி என்போம். ‘என்ன நடந்தது’ என்று கேட்குமுன், ‘யாருடைய கதை சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டது, தள்ளியவர் யார்’ என்று கேட்கப் பழகுவோமாக.

எச்சத்தைக் கேட்போரிடம் ஒப்படைத்த பண்டைப் புலவன் அவரை நம்பியே ஒப்படைத்தான். நல்ல இயக்குநரும் அவ்வாறே நம்மை நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு உரியவராக நடத்தல் சுவைஞர் கடமை. அறியாததை அறிந்ததாகக் கூறாமலும், அறிந்ததைக் கொண்டு பிறர்மேல் தீர்ப்பு வழங்க விரையாமலும், விளங்காத ஒன்றை நெஞ்சில் நெடுநாள் சுமக்கக் கூசாமலும் இருப்பவர்க்கே திரைப்படம் தன் மறைபொருளைத் தருகிறது. வாழ்க்கையும் அவ்வாறே. உடன் வாழ்வார் உள்ளத்தில் நமக்குக் காட்டப்படாத பகுதியே பெரிது. அதனை இட்டு நிரப்பும்போது அன்பை இட்டு நிரப்புகிறோமா, ஐயத்தை இட்டு நிரப்புகிறோமா என்பதைப் பொறுத்தே நாம் யார் என்பது விளங்கும்.